ஐப்பசி வெளிச்சம்: புதுச்சேரி முதல் பிச்சாவரம் வரை ஒளிப்பட நாட்குறிப்பு

திங்கள், புதுச்சேரி கடற்கரைச் சாலை

ஐப்பசியில் கேமராவோடு புதுச்சேரிக்குக் கிளம்புகிறவர்களிடம் எல்லோரும் கேட்பது, ‘மழை காரியத்தைக் கெடுத்துவிடாதா?’ என்றுதான். இந்தக் கரையில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்துவிடுகிறது. ஆனால் பார்க்கத் தகுந்த வெளிச்சத்தைக் கொண்டுவருவதும் அந்த மழைதான். சித்திரை, வைகாசியில் காலை ஏழரைக்கெல்லாம் வானம் வெளுத்து, தூசி மூட்டத்தில் தூரத்துப் பொருள் எல்லாம் சாம்பல் பூசிக்கொள்ளும். இப்போது ஒரு பாட்டம் மழை பெய்து ஓய்ந்தால் காற்றில் தூசி இல்லை. மேகம் அடுக்கடுக்காக நிற்கிறது, தரை நனைந்து வானத்தைத் திருப்பிக் காட்டுகிறது. இந்த வாரம் எடுக்கும் படங்கள் அத்தனையும் இரண்டு மழைக்கு நடுவில் கிடைக்கும் அரை மணி, முக்கால் மணி நேரத்தை நம்பித்தான்.

முதலில் நேரக் கணக்கு. நவம்பர் இரண்டாம் வாரத்தில் புதுச்சேரியில் சூரியன் எழுவது காலை 6.07 வாக்கில், மறைவது மாலை 5.43 வாக்கில். எழுவதற்கு இருபது நிமிடம் முன்பே கீழ்வானம் நிறம் கொள்ளத் தொடங்கிவிடும். ஆகவே 5.30க்கு ட்ரைபாட் நின்றிருக்க வேண்டும். கடற்கரைச் சாலையில் மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை வண்டிகளுக்கு அனுமதி இல்லை என்பதால் சாலை நடுவில் நின்றும் நிதானமாக வேலை பார்க்கலாம்.

அடுத்தது திசை. இதைப் பலர் கவனிப்பதில்லை. புதுச்சேரிக் கரை நேர் வடக்கு தெற்காக ஓடவில்லை. வடக்கே போகப் போகக் கிழக்கே சாய்கிறது. அதனால் பிரெஞ்சுப் பகுதியில் கடலை நோக்கிப் போகும் தெருக்கள் சற்றே தென்கிழக்கைப் பார்க்கின்றன. ஐப்பசிக் கடைசியில் சூரியன் எழும் இடமும் நேர் கிழக்கிலிருந்து ஏறக்குறைய 18 டிகிரி தெற்கே தள்ளியிருக்கிறது. இரண்டும் கிட்டத்தட்டப் பொருந்துவதால், தெருவின் கோடியில், இரு சுவர்களுக்கும் நடுவில், கடலுக்கு மேலே சூரியன் வந்து நிற்கும். ஆனி மாதத்தில் அதே தெருவில் நின்றால் சூரியன் வடக்கே எங்கோ கட்டடத்துக்குப் பின்னால் எழும். தை நடுவில் இந்தப் பொருத்தம் இன்னொரு முறை வரும். அப்போது வானம் தெளிவாக இருக்கும், ஆனால் ஈரத் தெரு கிடைக்காது.

இந்தப் படத்துக்கு அகன்ற லென்ஸ் வேண்டாம். 200 மி.மீ. லென்ஸில்கூட சூரியன் சென்சாரில் 2 மி.மீ. அகலம்கூட வராது, 24 மி.மீ. லென்ஸில் அது வெறும் புள்ளி. தெருவுக்குள் நூறு, நூற்றைம்பது மீட்டர் பின்வாங்கி 135 முதல் 200 வரை வைத்தால் சுவர், பால்கனி, தெருவிளக்கு எல்லாம் நெருங்கி வந்து சூரியனைச் சுற்றி அடைகின்றன. அடிவானத்தில் பெரும்பாலும் மேகக் கரை கட்டியிருப்பதால் சூரியன் பஞ்சாங்க நேரத்துக்குப் பத்து, பதினைந்து நிமிடம் கழித்தே தலைகாட்டும். அதற்குள் அது இரண்டு மூன்று டிகிரி மேலே ஏறித் தெற்கே கொஞ்சம் நகர்ந்தும் இருக்கும். நிற்கும் இடத்தை வடக்கே ஓரடி மாற்ற இடம் விட்டு வையுங்கள்.

காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் எட்டுக் கருங்கல் தூண்களும் செஞ்சியிலிருந்து வந்தவை. விடியலில் அவற்றை நிழலுருவமாக எடுப்பதுதான் சுலபம். வானத்துக்கு அளவு பார்த்துப் பூட்டிவிட்டால் போதும். எதிர்ப்புறம் இருக்கும் பழைய கலங்கரை விளக்கம் 1836இல் ஏற்றப்பட்டது. அதன் வெள்ளைச் சுவருக்கு நேர் வெயில் பட்டதும் ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) வலப்பக்கம் முட்டிக்கொள்ளும். மூன்றில் ஒரு ஸ்டாப்பிலிருந்து மூன்றில் இரண்டு வரை குறைத்துக்கொள்ள வேண்டும் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்).

கடலுக்குள் தெரியும் இரும்புக் கால்கள் பழைய துறைமுகப் பாலத்தின் மிச்சம். 1952 புயலில் சிதைந்தது அது. அந்தக் கால்களைச் சுற்றி அலை வழிவதைக் காட்ட அரை விநாடியிலிருந்து 2 விநாடி வரை போதும். விடியலில் எஃப் 11 (லென்ஸ் துளையின் அளவு), ஐஎஸ்ஓ 100இல் (சென்சாரின் ஒளியுணர்வு) 1/30 விநாடி வருகிறது என்றால், வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் 6 ஸ்டாப்பில் போட்டால் 2 விநாடி ஆகும். 10 ஸ்டாப் போட்டால் 30 விநாடி தாண்டும், கடல் பனிமூட்டமாகிவிடும். ஐப்பசிக் கடலின் கோபம் தெரிய வேண்டுமானால் குறைந்த நேரமே நல்லது. அரை விநாடியில் நுரை கோடுகோடாக நிற்கும், அலை எந்தப் பக்கம் வருகிறது என்பதும் தெரியும்.

இங்கே படம் கெடுவது பெரும்பாலும் உப்புத் துளியால். இந்தப் பருவத்துக் கொண்டலும் வாடையும் கடலிலிருந்து நேரே முகத்தில் அடிப்பவை. ஐந்து நிமிடத்தில் ஃபில்டரில் மெல்லிய படலம் படியும். அந்த நேரத்தில் தெரியாது. வீட்டில் பெரிய திரையில் பார்க்கும்போது சூரியனைச் சுற்றிப் புகையாகத் தெரியும். உலர்ந்த துணியால் துடைக்கவே கூடாது, உப்புப் படிகம் கண்ணாடிப் பூச்சைக் கீறும். முதலில் ப்ளோயரால் ஊதி, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி, அதற்குப் பிறகு லென்ஸ் திரவம். கரும்பாறைகளில் பச்சையாகப் பாசி தெரிந்தால் அதற்குக் கீழே இறங்க வேண்டாம்.

படம்: தெருக்கோடிச் சூரியன், 180 மி.மீ., எஃப் 8, 1/500, ஐஎஸ்ஓ 200.
படம்: பாலத்து இரும்புக் கால்கள், 70 மி.மீ., எஃப் 11, அரை விநாடி, ஐஎஸ்ஓ 100.

செவ்வாய், மழைத் தெருக்கள்

விடிய விடிய மழை. வடகிழக்குப் பருவமழைக்குக் கரையோரத்தில் ஒரு பழக்கம் உண்டு. பின்னிரவிலும் அதிகாலையிலும் வலுத்துப் பெய்து, காலை ஒன்பது, பத்துக்கு மேல் வெளிவாங்கும். இரவில் நிலத்திலிருந்து வீசும் குளிர்ந்த காற்று கடலிலிருந்து வரும் ஈரக் காற்றோடு கரைக்கு அருகில் மோதுவதுதான் காரணம். ஆகவே விடியல் போய்விட்டதே என்று அறையில் படுத்துவிடக் கூடாது. மழை விட்ட முதல் அரை மணியில் தெருவில் இருக்க வேண்டும்.

அறையில் ஏசி ஓடியிருந்தால் கேமராவை நேரே வெளியே எடுக்காதீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் வெளிக்காற்றின் ஈரம் உடனே படியும். வெளிப்பக்கம் துடைத்தாலும் உள்லென்ஸில் படிந்தது போகாது. ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் கேமராவைப் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி மூடி, குளிர் இல்லாத தாழ்வாரத்தில் முப்பது நிமிடம் வையுங்கள். ஈரம் பையின் வெளிப்பக்கத்தில் படியும், கேமராவில் படியாது. கிளம்புவதற்கு முந்தைய ஒரு மணி நேரம் ஏசியை அணைத்துவிடுவது இதைவிட எளிது.

மஞ்சள் சுவர்கள் மழையில் நனைந்தால் ஒரு படி கருத்து, கடுகு நிறத்துக்கு வருகின்றன. மேகம் மூடிய வெளிச்சத்தில் நிழல் விழாததால் சுவரின் காரை உதிர்ந்த இடம், நீலப் பலகையில் தமிழிலும் பிரெஞ்சிலும் எழுதிய தெருப்பெயர், கதவுக் கம்பி எல்லாமே சமமாகத் தெரியும். ஆட்டோ வைட் பேலன்ஸ் (கேமரா தானாக நிறத்தைச் சரிசெய்வது) மட்டும் இங்கே வேண்டாம். படம் முழுக்க மஞ்சளாக இருப்பதைப் பிழை என்று எண்ணி அது நீலத்தைக் கூட்டிச் சுவரைச் சாம்பலாக்கிவிடும். 6000 முதல் 6500 கெல்வினில் நிறுத்திக்கொள்ளுங்கள். செல்பேசியில் எடுப்பவர்கள் ப்ரோ மோடில் ‘க்ளவுடி’ வைத்தால் போதும்.

இரண்டு பொருளைத் தேடிப் போகலாம். சுவரோரம் உதிர்ந்து ஈரத் தரையில் ஒட்டிக்கிடக்கும் காகிதப்பூ ஒன்று. மற்றது மரமல்லி: ஐப்பசி, கார்த்திகை அதன் பூக்காலம், நீண்ட குழலோடு வெள்ளைப் பூக்கள் காலையில் மரத்தடியெங்கும் கொட்டிக் கிடக்கும். பெருக்க வருவதற்குள் எடுக்க வேண்டும். ஈர இலையிலும் தார்ச்சாலையிலும் மினுக்கம் தொந்தரவு செய்தால் அதைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரைப் போட்டுத் திருப்புங்கள், நிறம் ஆழமாகும். ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சம் குறையும் என்பதையும் கணக்கில் சேருங்கள். தேங்கிய நீரில் கட்டடத்தின் பிம்பத்தை எடுக்கப் போகும்போது அதே போலரைசரைக் கழற்றிவிட வேண்டும், பிம்பத்தையும் அது அழித்துவிடும்.

பிம்பத்துக்குக் கேமரா தண்ணீருக்கு மேல் ஐந்து சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். நின்றபடி எடுத்தால் குட்டையின் அடியில் உள்ள சேறுதான் தெரியும். திரையைத் திருப்பி வைத்து, 24 அல்லது 28 மி.மீ., எஃப் 11. ஃபோகஸ் குட்டையின் விளிம்பில் வைக்காமல் கட்டடத்தில் வைக்க வேண்டும், பிம்பமும் ஒளிவழியில் கட்டடத்தின் தூரத்தில்தான் இருக்கிறது.

பெரிய வாய்க்காலைத் தாண்டித் தமிழர் பகுதிக்கு வந்தால் படம் வேறு. இங்கே வீட்டின் அழகு வெளிச்சுவரில் இல்லை. திண்ணையிலும், அதன் மேல் இறங்கும் தாழ்வாரத்திலும், மரத் தூணிலும் இருக்கிறது. ஓட்டிலிருந்து சொட்டும் நீரை 1/1000இல் நிறுத்தினால் முத்து முத்தாகவும், 1/60இல் எடுத்தால் கம்பியாகவும் வரும். பின்னால் இருண்ட வாசல் இருந்தால்தான் இரண்டுமே தெரியும். வைசியாள் வீதியில் சீரமைத்த வீடுகள் வரிசையாக நிற்கின்றன. திண்ணையில் ஆள் உட்கார்ந்திருந்தால் ‘ஐயா, ஒரு படம் எடுத்துக்கலாங்களா?’ என்று முதலில் கேட்பது முறை. திண்ணை தெருவை ஒட்டியிருந்தாலும் வீட்டின் பகுதிதான்.

ரயில் நிலையத்துக்கு அருகில் உள்ள இருதய ஆண்டவர் பசிலிக்காவின் வண்ணக் கண்ணாடிகளை மேகமூட்ட நாளில் எடுப்பது நல்லது. நேர் வெயிலில் கண்ணாடிக்கும் சுவருக்கும் இடையிலான வித்தியாசத்தை எந்த சென்சாரும் தாங்காது. கண்ணாடிக்கு ஸ்பாட் மீட்டரிங் (ஒரு புள்ளியின் வெளிச்சத்தை மட்டும் அளப்பது), ஃப்ளாஷ் கூடாது, பூசை நேரத்தில் கேமரா பையிலேயே இருக்கட்டும்.

புதன், ஊசுட்டேரியும் பாகூர் ஏரியும்

இந்தப் பகுதியில் நிலம் மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கிச் சரிகிறது. அதனால் ஏரிகளின் கரை பெரும்பாலும் கிழக்கிலும் தென்கிழக்கிலும் இருக்கும், நீர் மேற்கே விரிந்து கிடக்கும். காலையில் கரைமேல் நின்றால் சூரியன் முதுகுக்குப் பின்னால். பறவையின் கண்ணில் வெளிச்சப் புள்ளி விழும், இறகின் நிறம் அப்படியே கிடைக்கும். மாலையில் அதே இடத்தில் எல்லாம் நிழலுருவம். இரண்டு ஏரிக்கும் ஒரே நாளில் போவதாக இருந்தால் ஊசுட்டேரியைக் காலைக்கும், பாகூரை மாலைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பாகூர்க் கரையில் பனைகள் இருக்கின்றன, அந்தி வானத்துக்கு அவை வேண்டும்.

ஊசுட்டேரி புதுச்சேரி நகரத்திலிருந்து மேற்கே பத்துக் கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. புதுச்சேரிக்கும் விழுப்புரம் மாவட்டத்துக்கும் பொதுவான நீர், பறவைகள் சரணாலயம். வலசை வாத்துகள் கூட்டமாகச் சேர்வது மார்கழி, தையில்தான். ஐப்பசியில் அவற்றை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம். இப்போது கிடைப்பவை நாமக்கோழி, நீலத் தாழைக்கோழி, நத்தை குத்தி நாரை, சாம்பல் நாரை, கூழைக்கடா, நீர்ப்பரப்பில் தாழப் பறந்து திரும்பும் மீசை ஆலா. ஏரி நிரம்பிக்கொண்டிருக்கும் வாரத்தில் ஒரு நன்மை உண்டு, ஒரு தீமையும் உண்டு. புதிதாக நீர் ஏறும் ஓரங்களில் புழுவும் நத்தையும் வெளிவருவதால் நாரைகள் கரைக்கு அருகிலேயே இரை தேடும். முழுக்க நிரம்பிவிட்டால் நடந்து இரை தேடும் பறவைகளுக்கு ஆழம் அதிகமாகி, பக்கத்து நெல்வயல்களுக்குப் போய்விடும். அப்போது கேமராவும் வயலுக்குப் போக வேண்டியதுதான்.

அமைப்புகள்: பறக்கும் பறவைக்கு 1/2000, ஆலாவுக்கு 1/3200. எஃப் 6.3, ஐஎஸ்ஓவைத் தானாக விட்டு 3200இல் உச்சவரம்பு கட்டுங்கள். வெள்ளைக் கொக்கு கரும்பச்சை நாணலுக்கு முன் நின்றால் கேமரா இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டும், கொக்கின் இறகு வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். மைனஸ் மூன்றில் இரண்டிலிருந்து மைனஸ் ஒன்று வரை குறைக்க வேண்டும். அதே கொக்கு மேக வானத்தில் பறந்தால் நேர்மாறாக பிளஸ் மூன்றில் இரண்டு. இந்த இரண்டையும் விரல் தானாகச் சுழற்றும் அளவுக்குப் பழகிக்கொண்டால் ஏரிக்கரையில் பாதி வேலை முடிந்தது.

நாமக்கோழி பறக்கும் முன் நீர்மேல் வெகுதூரம் காலால் அடித்து ஓடும். அந்த ஓட்டம் நல்ல படம். அதற்காகக் கல்லெறிந்து கிளப்புவது அக்கிரமம். வலசை வந்த பறவை இங்கே உடம்பில் கொழுப்புச் சேர்க்க வந்திருக்கிறது, ஒவ்வொரு முறை விரட்டும்போதும் அது சேர்த்ததைச் செலவழிக்கிறது. செம்பருந்து ஒன்று தாழப் பறந்தாலே கூட்டம் தானாக எழும். காத்திருந்தால் போதும்.

கரையின் செம்மண் நனைந்தால் வழுக்கும். ட்ரைபாடின் ரப்பர்க் காலை மேலே சுழற்றி இரும்பு முனையை வெளியே எடுத்து ஊன்றுங்கள். மழையில் வளைக்குள் நீர் புகுவதால் விரியன்கள் கரைமேட்டுப் புல்லில் ஏறிக் கிடக்கும். தரையில் படுத்து எடுக்கும் இடத்தை முதலில் குச்சியால் தட்டிப் பாருங்கள், மூடிய காலணி இல்லாமல் போகாதீர்கள். திடீர்த் தூறலுக்கு விலை உயர்ந்த மழையுறை தேவையில்லை. விடுதிகளில் தரும் ஷவர் கேப் கேமரா உடலுக்குச் சரியாகப் பொருந்தும்; நீண்ட லென்ஸுக்கு அளவாக வெட்டிய ரெக்சின் துணி, இரண்டு ரப்பர் பேண்ட்.

பாகூர் ஏரி புதுச்சேரிப் பகுதியில் இரண்டாவது பெரியது. ஏரிக்குக் கீழே சம்பா நடவு நடக்கிறது. நாற்றுக்கட்டு வயல் முழுக்க வீசப்பட்டுக் கிடக்க, பெண்கள் வரிசையாகக் குனிந்து பின்னோக்கி நகர்கிறார்கள். வரப்பில் நின்று நேராக எடுத்தால் குனிந்த முதுகுகள் மட்டுமே வரும். வரப்பிலேயே உட்கார்ந்து, வரிசையைப் பக்கவாட்டில் 85 மி.மீ.யில் பிடித்தால் கையும் நாற்றும் முகமும் வந்துவிடும், நட்ட நீரில் மேகமும் விழும். நடவு நடக்கும்போது புது வரப்பை மிதித்து உடைப்பது அவர்களுக்குக் கூடுதல் வேலை. ‘அக்கா, எந்த வரப்புல நடக்கலாம்?’ என்று கேட்டு நடப்பதே நல்லது. ஏரி நிரம்பிக் கோடி போகும் நாளில் கலிங்கலில் வழியும் உபரி நீர் இழுவை மிகுந்தது. ஒருபோதும் அதற்குள் ட்ரைபாடை நிறுத்தாதீர்கள். முழங்கால் அளவு ஓடும் நீரே ஆளைச் சாய்த்துவிடும்.

படம்: கோடி வழியும் நீரும் பனைகளும், 35 மி.மீ., எஃப் 11, கால் விநாடி, ஐஎஸ்ஓ 100, மாலை 5.50.

வியாழன், கடலூர் முதுநகர்த் துறைமுகம்

புதுச்சேரியிலிருந்து கடலூர் 22 கிலோமீட்டர். பேருந்துகளில் முதுநகரை ‘ஓ.டி.’ (ஓல்டு டவுன்) என்றுதான் சொல்வார்கள். மீன் ஏலம் இருட்டோடு தொடங்கிவிடுவதால் நாலரை, ஐந்துக்கு அங்கே இருக்க வேண்டும்.

இறங்குதளத்தில் முதலில் தட்டுப்படும் சிக்கல் விளக்கு. எல்இடி விளக்குகள் பல, மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸுக்கு ஏற்ப விநாடிக்கு நூறு முறை மின்னி அணைகின்றன. 1/400, 1/800 என்று வேகமாக எடுத்தால் படத்தின் குறுக்கே கருப்புப் பட்டைகள் விழும், அல்லது ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது இருட்டாகவும் வரும். 1/100 அல்லது 1/50 வைத்தால் முழு மின்னலும் உள்ளே வந்துவிடும், பட்டை வராது. மிரர்லெஸ் கேமராவில் எலக்ட்ரானிக் ஷட்டரை அணைத்து மெக்கானிக்கலுக்கு மாற்றுங்கள். 1/100இல் கை அசைவு மங்கும் என்பது உண்மை. ஏலம் கூறுபவரின் கை உயர்ந்து ஒரு கணம் நிற்கும் உச்சியில் அழுத்தினால் தெளிவாக வரும்.

நிறமும் கலந்திருக்கும். விளக்கின் வெள்ளை, பழைய சோடியத்தின் ஆரஞ்சு, விடியும் முன் வானத்தின் நீலம். மூன்றையும் ஒரே வைட் பேலன்ஸ் சரிசெய்யாது. வானம் நீலமாக இருக்கும் 5.45 முதல் 6 மணி வரை 4000 கெல்வினில் வைத்தால் மீனின் வெள்ளியும் வானத்தின் நீலமும் இரண்டும் நிற்கும்.

பொருளைப் பார்த்து எடுங்கள். கவளையும் நெத்திலியும் கூடையில் குவிந்தால் ஒரே பளபளப்பு. மேலிருந்து செங்குத்தாக எடுத்தால் வடிவம் கிடைக்கும். வஞ்சிரம், சூரை போன்றவற்றைத் தரையில் வரிசையாகக் கிடத்துவார்கள். தாழ அமர்ந்து நீளவாக்கில். ஐஸ் உடைக்கும் இடத்தில் 1/1000 வேண்டும், அங்கே விளக்கு போதாது, விடிந்த பின் வாருங்கள். விசைப்படகுகள் நெருக்கி நிற்கும் உப்பனாற்றில் காற்று விழுந்த நேரம் நிறங்கள் நீரில் அப்படியே இறங்கும்.

தரை முழுக்க மீன் தண்ணீர். பையைக் கீழே வைக்காதீர்கள். முதுகுப் பையை மார்புப் பக்கம் மாட்டி லென்ஸ் மாற்றுங்கள், அல்லது ஒரே லென்ஸோடு, 35 மி.மீ.யே போதும், போங்கள். விரித்துக் காயும் வலைமேல் செருப்புக் காலோடு நடப்பதை மீனவர் விரும்ப மாட்டார்கள். ஏலம் நடக்கும் வட்டத்துக்குள் நுழைந்து நிற்காதீர்கள். அங்கே ஒவ்வொரு விநாடியும் காசு. முடிந்த பிறகு ‘அண்ணே, கூடையோட ஒண்ணு எடுத்துக்கட்டுமா?’ என்றால் பெரும்பாலும் சிரித்தபடி நிற்பார்கள். எடுத்ததைத் திரையில் காட்டுங்கள். கேட்டால் எண் வாங்கி அன்றே அனுப்பிவிடுங்கள்.

துறைமுகக் கம்பத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு இந்தப் பருவத்துக்கே உரிய பொருள். 1, 2 என்றால் புயல் தொலைவில். 3, 4 என்றால் துறைமுகத்துக்கே பலத்த காற்று வரக்கூடும். 5 முதல் 7 வரை ஆபத்து, 8 முதல் 10 வரை பெரும் ஆபத்து, 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். இரவில் கூண்டுக்குப் பதில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். மூன்றாம் எண் ஏறிவிட்டால் அலைத்தடுப்புக் கற்களின் முனைக்குப் போவதை அன்றோடு விட்டுவிட வேண்டும். 2011 டிசம்பர் 30இல் ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. 2024 நவம்பர் 30 இரவு ‘ஃபெஞ்சல்’ புயல் புதுச்சேரிக்கு அருகே கடந்தது. படத்துக்காகக் கரையில் நிற்கும் இரவுகள் அல்ல அவை.

வெள்ளி, தேவனாம்பட்டினம்

நாள் முழுக்க மூட்டம். வெள்ளிக் கடற்கரையில் வானமும் நீரும் ஒரே சாம்பல். இப்படிப்பட்ட நாளில் கருப்பு வெள்ளையாக எண்ணி எடுப்பதே வழி. கெடிலத்தின் செந்நிற நீர் கடலில் கலக்கும் கோடு மட்டும் நிறத்தில் எடுக்கத் தகுந்தது. உயரமான இடத்திலிருந்து போலரைசரோடு பார்த்தால் கோடு கூர்மையாகத் தெரியும்.

ஆற்றோரம் நிற்கும் செயின்ட் டேவிட் கோட்டையின் சிதைவுகளில் செங்கல் நனைந்து பாசி துளிர்த்திருக்கிறது. ஆங்கிலேயக் கம்பெனி 1690இல் இந்தக் கோட்டையை வாங்கியபோது, இங்கிருந்து பீரங்கிக் குண்டு விழும் தூரம்வரை நிலம் தங்களுக்கு என்று எல்லை வகுத்தது. கடலூரின் குண்டு சாலை அந்தக் கதையில் வந்த பெயர். 1758இல் பிரெஞ்சுக்காரர் பிடித்து இடித்தனர். மிச்சம் சிறியது என்பதால் முழுக் கட்டடமாகக் காட்ட முயல வேண்டாம். செங்கல், சுண்ணாம்புக் காரை, அதைப் பிளந்திறங்கிய அரசமர வேர் என்று 50 மி.மீ. மேக்ரோவில் துண்டு துண்டாக எடுத்தால் கோட்டையின் வயது தெரிகிறது.

மாலை ஆறரைக்கு மேல் கடலில் மின்னல். எஃப் 8, ஐஎஸ்ஓ 100, 15 விநாடி, அடுத்தடுத்துத் திறந்துவிட வேண்டும். ஃபோகஸை அடிவானத்து விளக்கில் பிடித்து மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் முப்பது விநாடி என்றால் பத்துக் கிலோமீட்டர் தூரம். அதற்குக் குறைந்தால் மணலில் ட்ரைபாடோடு நிற்கக் கூடாது, கட்டடத்துக்குள் போய்விட வேண்டும்.

சனி, பிச்சாவரம்

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில், கிட்டத்தட்ட 1,100 ஹெக்டேர் அலையாத்திக் காடு. சிதம்பரத்திலிருந்து டவுன் பஸ் உண்டு. படகுத்துறையில் துடுப்புப் படகு, மோட்டார்ப் படகு இரண்டும் இருக்கின்றன. படம் எடுக்க வந்தவர்களுக்குத் துடுப்புப் படகுதான். மோட்டாரின் அதிர்வு படத்தில் இறங்கும், சத்தத்தில் மீன்கொத்தி பறந்துவிடும், குறுகிய வாய்க்காலுக்குள் அது நுழையவும் முடியாது. படகோட்டியிடம் கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள்: ‘அண்ணே, வேகம் வேணாம், சொல்ற எடத்துல துடுப்ப நிறுத்திடுங்க.’ துடுப்பு நின்று பத்து விநாடி கழித்துத்தான் நீர் அமைதியாகும், பிம்பம் சேரும்.

ட்ரைபாட் கரையிலேயே இருக்கட்டும். படகோடு சேர்ந்து அதுவும் ஆடும். கையில் பிடித்து 1/250க்குக் குறையாமல், ஐஎஸ்ஓ 800 அல்லது 1600. மரக்கூரைக்குக் கீழே இருட்டும், இடையில் தெரியும் வானம் கண்ணைக் கூசும் வெளிச்சமும், ஐந்தாறு ஸ்டாப் வித்தியாசம். மூன்று படங்களை எடுத்து ஒன்றாக இணைக்கும் முறை இங்கே தோற்கும், படகு நகர்வதால் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாது. வானம் வெறும் வெள்ளையாகிவிடாத அளவுக்குக் குறைத்து, ‘ரா’ (RAW) கோப்பாக ஒரே படம் எடுத்து, நிழலைப் பிறகு தூக்குங்கள். பச்சை நீர், பச்சை இலை, பச்சை நிழல் என்பதால் ஆட்டோ வைட் பேலன்ஸ் செந்நீலத்தை ஏற்றிவிடும். 5500 கெல்வினில் பூட்டுங்கள்.

வாய்க்கால் ஓரத்தில் வளைந்து நீருக்குள் இறங்கும் தாங்குவேர்கள் சுரபுன்னையுடையவை. அதற்குப் பின்னால், சற்று மேடான சேற்றில், பென்சில் நட்டதுபோல மேல்நோக்கி நிற்கும் மூச்சுவேர்கள் வெண்கண்டலுடையவை. இந்த இரண்டு வரிசையும் ஒரே படத்தில் வந்தால்தான் காடு எப்படி அமைந்திருக்கிறது என்பது பார்ப்பவருக்குப் புரியும். 35 மி.மீ., எஃப் 11, முன்வரிசையின் பின்பகுதியில் ஃபோகஸ். ஏற்றவற்றம் இந்தக் கரையில் ஒரு மீட்டருக்குள்தான். ஆனால் அந்த ஒரு மீட்டரில்தான் வேர் தெரிவதும் மறைவதும் இருக்கிறது. வற்றம் எப்போது என்று படகுத்துறையில் கேட்டுவிட்டு ஏறுங்கள். மழை வெள்ளம் இறங்கும் நாட்களில் நீர் மட்டம் உயர்ந்து, வற்றத்திலும் மூச்சுவேர் மூழ்கியே கிடக்கும்.

மற்ற இடங்களில் நண்பகல் வெளிச்சம் பயனற்றது. சுரங்கம்போல் மூடிய வாய்க்காலில் அப்படி அல்ல. பதினொரு மணிக்கு மேல்தான் வெயில் உச்சியிலிருந்து இலை இடுக்கில் இறங்கி நீரில் புள்ளி புள்ளியாக விழுகிறது. காலை முதல் படகைத் திறந்த நீருக்கும், பதினொரு மணிப் படகைக் குறுகிய வாய்க்காலுக்கும் என்று பிரித்துக்கொண்டால் இரண்டும் கிடைக்கும்.

சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த மரம் இந்தக் காட்டில்தான் இருக்கிறது. உதிரும் முன் அதன் இலை செக்கச் சிவக்கும். பச்சைக்கு நடுவே அந்தச் சிவப்புக் கொத்தை 200 மி.மீ.யில் தனியாகப் பிரித்தெடுக்கலாம். கிளையை ஒடித்து நீக்கிப் படத்தைச் சுத்தம் செய்ய நினைக்காதீர்கள். அதன் பால் கண்ணில் பட்டால் கடுமையாக எரிந்து வீங்கும், தோலும் புண்ணாகும். தொட்டுவிட்டால் கண்ணைக் கசக்காமல் முதலில் கையை நிறைய நீர்விட்டுக் கழுவ வேண்டும்.

படம்: இரு வேர் வரிசைகள், 35 மி.மீ., எஃப் 11, 1/250, ஐஎஸ்ஓ 1600.
படம்: தில்லை இலைக் கொத்து, 200 மி.மீ., எஃப் 4, 1/500, ஐஎஸ்ஓ 800.

ஞாயிறு, உலர்த்தும் நாள்

ஒரு வாரம் கடலோரத்தில் சுற்றிய கருவியை அப்படியே பையில் வைத்து மூடினால் அடுத்த மாதம் லென்ஸுக்குள் சிலந்திவலை மாதிரிப் பூஞ்சை தெரியும். காற்றில் ஈரம் 60 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து இருந்தால் அது வளரும்; ஐப்பசி, கார்த்திகையில் இங்கே பெரும்பாலான நாட்கள் அதற்கு மேல்தான்.

ட்ரைபாடின் எல்லாக் கால்களையும் முழுக்க நீட்டி, பூட்டுகளைக் கழற்றி, நல்ல தண்ணீரில் அலசி, மடக்காமல் நிழலில் காயவைக்க வேண்டும். மடக்கிக் காயவைத்தால் உள்ளே நிற்கும் உப்பு நீர் பூட்டை அரிக்கும். கேமரா உடலை ஈரத்துணியால் ஒற்றி, பேட்டரி, கார்டு மூடிகளின் ரப்பர் ஓரத்தில் மணல் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபில்டரைக் கழற்றி மரையைத் துடையுங்கள், உப்பு ஏறினால் அது அங்கேயே இறுகிவிடும். பையையும் காலியாக்கித் துவைத்து உலர்த்துங்கள். ஈரத்தைச் சுமந்து வருவது பெரும்பாலும் பையின் பஞ்சுதான்.

ரப்பர் விளிம்புள்ள, காற்றுப் புகாத 10 லிட்டர் டப்பாவுக்கு 150 முதல் 200 கிராம் சிலிக்கா ஜெல் போதும். உள்ளே சிறிய ஹைக்ரோமீட்டர் (ஈரப்பதமானி) ஒன்று வைத்து 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிறுத்துங்கள். 30க்குக் கீழே போனால் ரப்பரும் மசகும் காய்ந்துபோகும். நீல ஜெல் இளஞ்சிவப்பாகவோ, ஆரஞ்சு ஜெல் பச்சையாகவோ மாறினால் 120 டிகிரி அவனில் இரண்டு மணி நேரம் வைத்தால் மீண்டும் பழைய நிறத்துக்கு வரும். அரிசியில் புதைத்து வைப்பது வேண்டாம், அதன் மாவுத்தூள் ஃபோகஸ் வளையத்துக்குள் புகுந்துவிடும்.

படங்களை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, இரண்டிலும் கோப்பு எண்ணிக்கையும் அளவும் ஒன்றா என்று ஒத்துப் பார்த்த பிறகே கார்டை ஃபார்மட் செய்யுங்கள். தேர்வு செய்யும்போது முதலில் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி உப்புப் படலம், எல்இடி பட்டை, படகு அசைவு மூன்றையும் பாருங்கள். சிறிய திரையில் மறைந்திருந்தவை இவைதான். லென்ஸை டப்பாவில் வைக்கும் முன் அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். உள்ளே பனி மாதிரி மங்கல் தெரிந்தால் மூடியில்லாமல் டப்பாவுக்குள் இரண்டு நாள் இருக்கட்டும். அதன் பிறகும் போகவில்லை என்றால் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோவதைத் தள்ளிப்போடாதீர்கள், பூஞ்சை கண்ணாடிப் பூச்சை அரித்துவிட்டால் துடைத்தாலும் தழும்பு நிற்கும்.